டென்ட் போடப் போகிறோம், பூனைகளையும் கூட்டிப் போகலாமா?

கேள்வி: எங்கள் வீட்டில் இரண்டு பூனைகள். ஆண் பூனை எதற்கும் அஞ்சாது, யார் வந்தாலும் மடியில் ஏறிவிடும். பெண் பூனை காலிங் பெல் அடித்தாலே கட்டிலுக்கு அடியில் போய்விடும். அடுத்த விடுமுறையில் காரில் போய் ஐந்து நாள் டென்ட் போட்டுத் தங்கப் போகிறோம். இரண்டையும் விட்டுவிட்டுப் போக எனக்கு மனமில்லை. “அங்கே ஓடிப்போய்விட்டால் என்ன செய்வாய்?” என்று கணவர் கேட்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. நீங்கள் சொல்லுங்கள்.

பதில்: உங்கள் கணவர் கேட்டது ரொம்ப நியாயமான கேள்வி. கிளம்புவதற்கு முன்பே அதற்குப் பதில் கையில் இருக்க வேண்டும். முதலில் என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன்: பெண் பூனையைக் கூட்டிப் போகாதீர்கள். ஆண் பூனையை வேண்டுமானால் இப்போதிருந்தே பழக்கிப் பார்க்கலாம்.

பூனைக்குத் தன் இடம்தான் தைரியம். சோபா முனை, கதவு நிலை, உங்கள் கால் என்று கன்னத்தை உரசிக்கொண்டே திரிகிறதே, அப்போதெல்லாம் தன் வாசனையை அங்கே பூசி வைக்கிறது. அந்த வாசனை இருக்கும் எல்லைக்குள் நிம்மதியாக இருக்கும். புது இடத்தில் அந்த ஆதரவு ஒன்றும் கிடையாது. அங்கே ஏதாவது சத்தத்துக்கு மிரண்டால் அது உங்களைத் தேடி ஓடி வராது, உடம்பு நுழைகிற மறைவைத் தேடித்தான் ஓடும். பதுங்கியபின் மூச்சு விடாது. பத்தடி தள்ளி நின்று நீங்கள் பெயர் சொல்லிக் கதறினாலும் அசையாது. பாசம் இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். சத்தம் போட்டால் எதிரிக்கு இடம் தெரிந்துவிடும் என்ற பயம் அதன் ரத்தத்தில் ஊறியது. மடியில் ஏறும் உங்கள் தைரியசாலிக்கும் இது பொருந்தும். அது காட்டும் தைரியமெல்லாம் வீட்டோடு சேர்ந்தது.

2024 ஜூனில் அமெரிக்காவின் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்கு ஒரு தம்பதி தங்கள் இரண்டு பூனைகளோடு போனார்கள். போய்ச் சேர்ந்த கொஞ்ச நேரத்திலேயே ரெயின் போ என்ற பூனை எதற்கோ மிரண்டு மரங்களுக்குள் ஓடிவிட்டது. நாள் கணக்கில் தேடினார்கள், பிடித்த தின்பண்டத்தையும் பொம்மைகளையும் வைத்துப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. அழுதுகொண்டே ஊர் திரும்ப வேண்டியதாயிற்று. ஆகஸ்டில், சுமார் 1,400 கிலோமீட்டர் தள்ளி, அவர்கள் வசிக்கும் கலிபோர்னியா மாநிலத்திலேயே ரோஸ்வில் என்ற ஊரில் அது அகப்பட்டது. எலும்பும் தோலுமாக இருந்ததாம். அவ்வளவு தூரம் எப்படி வந்தது என்பது இன்றுவரை புதிர். யாருடைய பூனை என்று காட்டிக்கொடுத்தது அதன் தோலுக்கு அடியில் இருந்த மைக்ரோசிப்தான்.

இந்தச் சம்பவத்தில் நான் கவனிக்கச் சொல்வது, அது எப்போது ஓடியது என்பதை. போய் இறங்கிய நேரத்தில்! கார்க் கதவு திறந்திருக்கும், எல்லோர் கையிலும் சாமான் இருக்கும், பூனையைப் பற்றி ஒவ்வொருவரும் அடுத்தவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள். அதனால் ஒரே ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள். பூனைக்கும் வெளிக்கும் நடுவே எப்போதும் இரண்டு தடுப்பு இருக்க வேண்டும். கார்க் கதவைத் திறக்கிறீர்களா, பூனை கேரியருக்குள், அதாவது பூனையைத் தூக்கிச் செல்லும் மூடிய பெட்டிக்குள், இருக்கட்டும். டென்ட் ஜிப்பைத் திறக்கிறீர்களா, பூனை மேல் ஹார்னஸும் (நெஞ்சைச் சுற்றி மாட்டும் பட்டை) லீஷும் (அதில் கோக்கும் கயிறு) இருக்கட்டும், லீஷ் ஒருவர் கையில் இருக்கட்டும். டென்ட் ஜிப்பில் இரண்டு விரல் இடைவெளி விட்டால் போதும், பூனை அதில் மூக்கை வைத்து நெம்பி, தலையை நுழைத்து, தலைக்குப் பின்னால் முழு உடம்பையும் கொண்டுபோய்விடும். கொசுவலைத் துணியை நகத்தாலேயே கிழிக்கவும் முடியும். ராத்திரி தூங்கும்போது டென்டை நம்பாதீர்கள், கேரியருக்குள்ளேயே படுக்கட்டும்.

ஹார்னஸைப் பற்றியும் சொல்ல வேண்டும். மிரண்ட பூனை முன்னால் இழுக்காது, பின்னால் போகும். தலையைத் தாழ்த்தி, முன்னங்கால்களை நீட்டி, தோளைக் குறுக்கிக்கொண்டு பின்வாங்கினால், சற்றே தளர்ந்த ஹார்னஸ் சட்டை கழற்றுவது போல் தலைவழியாக வந்துவிடும். பட்டைக்கும் உடம்புக்கும் நடுவே ஒரு விரல் போகலாம், அதற்கு மேல் இடம் இருக்கக் கூடாது. வீட்டுக்குள்ளேயே மாட்டி, லீஷைப் பிடித்துக்கொண்டு, அது பின்வாங்கும்போது கழன்று வருகிறதா என்று பலமுறை பாருங்கள். அப்படியே அதற்கும் பழகிவிடும். லீஷை மரத்தில் கட்டிவிட்டுச் சமைக்கப் போகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். கயிறு சுற்றிக்கொள்ளும், நாய் வந்தால் ஓடவும் வழி இருக்காது.

மைக்ரோசிப் அரிசி மணி அளவுதான். அதில் பேட்டரி கிடையாது, பூனை எங்கே இருக்கிறது என்று காட்டாது. யாராவது பூனையைக் கண்டெடுத்து ஸ்கேனரை வைத்தால் ஒரு எண் வரும், அந்த எண்ணோடு பதிவாகியிருக்கும் தொலைபேசிக்கு அழைப்பார்கள். உங்கள் எண் மாறியிருந்தால் சிப் இருந்தும் பயனில்லை. அமெரிக்கக் காப்பகங்களில் நடந்து 2009-ல் வெளியான ஓர் ஆய்வில், சிப் இல்லாமல் வந்த பூனைகளில் 100-க்கு இரண்டுகூட உரிமையாளரிடம் திரும்பவில்லை, சிப் இருந்தவற்றில் 38 சதவீதத்துக்கு மேல் திரும்பின. ஜிபிஎஸ் கருவி நல்லதுதான், ஆனால் பெரும்பாலானவை மொபைல் சிக்னல் இல்லாத காட்டில் இடத்தைச் சொல்லாது. காலர் மாட்டினால், எங்காவது சிக்கும்போது தானாகக் கழன்றுகொள்ளும் வகையாகப் பாருங்கள்.

கார்ப் பயணத்தில் கேரியரை சீட் பெல்ட்டால் கட்டி, மேலே ஒரு துணியைப் போட்டுவிடுங்கள். மடியில் வைத்துக்கொள்ள ஆசைப்படாதீர்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் ஒருபோதும் விட வேண்டாம். வெளியே 21 டிகிரி இருந்தாலே அரை மணி நேரத்தில் உள்ளே 40-ஐத் தொட்டுவிடும். தடுப்பூசி, உண்ணி மருந்து, வண்டிப் பயணத்துக்கான மருந்து இவற்றுக்குக் கால்நடை மருத்துவரைப் பாருங்கள். பல வனப்பகுதிகளில் வளர்ப்புப் பிராணிகளுக்கு அனுமதி இல்லை, அதையும் முன்பே கேட்டுவிடுங்கள்.

சரி, இவ்வளவுக்குப் பிறகும் ஓடிவிட்டால்? துரத்தாதீர்கள். துரத்தத் துரத்த இன்னும் தூரம் போகும். கடைசியாக எந்தப் புதருக்குள் போனது என்பதை யாராவது ஒருவர் கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கட்டும். தொலைந்த பூனைகள் 1,210 பற்றி 2018-ல் வெளியான ஓர் ஆய்வில், கிடைத்தவற்றில் நான்கில் மூன்று பங்கு தப்பிய இடத்திலிருந்து 500 மீட்டருக்குள்தான் இருந்தன. ஆகவே ஊரெல்லாம் சுற்றுவதை விட அருகிலேயே துருவித் தேடுங்கள். வண்டிகளின் அடி, இன்ஜின் பக்கம், மரவேர்ப் பொந்து, அடுத்த டென்டின் சாமான் குவியல் என்று ஒன்றையும் விடாமல் குனிந்து பாருங்கள். கிளம்புகிற வண்டிக்காரர்களிடம் உள்ளே ஒருமுறை பார்க்கச் சொல்லுங்கள்.

ராத்திரி, ஆள் நடமாட்டம் அடங்கியபின் மறுபடி போங்கள். டார்ச்சை உங்கள் கண் மட்டத்தில் பிடித்துக்கொண்டு மெதுவாக வீசினால், இலைகளுக்கு நடுவே பச்சையாக இரண்டு புள்ளிகள் பளிச்சிடும். அதைப் பார்த்ததும் ஓடாதீர்கள். பக்கவாட்டில் உட்கார்ந்து, வழக்கமாக வீட்டில் பேசுகிற குரலில் ஏதாவது பேசிக்கொண்டிருங்கள். நீங்கள் உடுத்திக் கழற்றிய சட்டை, அதன் படுக்கை, கொஞ்சம் வாசனையான ஈர உணவு மூன்றையும் அருகில் வையுங்கள். வரவில்லை என்றால் காயப்படுத்தாத கூண்டுப் பொறியை வைத்து, அடிக்கடி போய்ப் பாருங்கள். பல பூனைகள் பயம் தணிந்து பசி மிஞ்சிய பிறகுதான் வெளியே வரும், அதற்கு நாள் கணக்கில்கூட ஆகலாம். அதனால் பயணம் முடிந்தபின்னும் சில நாள் தங்கித் தேட விடுப்பு கிடைக்குமா என்று இப்போதே கேட்டு வையுங்கள். கணவரின் கேள்விக்கு இதுவும் பதிலில் ஒரு பகுதி. அந்த விடுப்புக்கு வழியே இல்லை என்றால் பூனையைக் கூட்டிப் போக வேண்டாம் என்பேன்.

பெண் பூனைக்கு, அதற்குப் பழகிய ஒருவர் காலையும் மாலையும் வந்து சாப்பாடு வைத்து, மண் பெட்டியைச் சுத்தம் செய்து, சற்று நேரம் உடன் இருந்துவிட்டுப் போனால் போதும். வாசல் கதவைத் திறக்கும்போது ஜாக்கிரதை என்று அவரிடம் அழுத்திச் சொல்லுங்கள். உங்களைத் தேடும்தான், ஆனாலும் கட்டிலுக்கு அடி அங்கேயே இருக்கிறது. ஆண் பூனைக்கு, கிளம்புவதற்குச் சில வாரம் முன்பு வீட்டுக்குள்ளேயே டென்டைப் போட்டு ஒரு ராத்திரி அதோடு படுத்துப் பாருங்கள், அப்புறம் காரில் கொஞ்ச தூரம் போய் வாருங்கள். சாப்பிடாமல், வாயைத் திறந்து மூச்சிரைத்துக்கொண்டு, கேரியர் மூலையிலேயே ஒடுங்கிக் கிடந்தால் அதையும் பெண் பூனையோடு வீட்டிலேயே விட்டுவிடுங்கள்.