வெள்ளைப் பின்னணியில் எந்த நிற எழுத்துகள் தெளிவாகத் தெரியும்?

பாம்பன் கரையில் வெயிலில் நின்று கைபேசியில் பார்க்கும் விலைப்பட்டியலில் சீலா, நண்டு, கணவாய் மூன்றையும் வெள்ளைப் பின்னணியில் எந்த நிறங்களில் எழுதலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். நிறத்தைவிட அதன் ஒளிர்வே முக்கியம்: நம் கண்ணுக்குப் பச்சை ஒளி மிகப் பிரகாசமாகவும் நீலம் மிகக் குறைவாகவும் தோன்றுவதால், திரையின் தூய பச்சை வெள்ளையில் கரைந்துவிடும், தூய நீலமோ நன்றாக எடுப்பாகத் தெரியும். எல்லோரும் எளிதாகப் படிக்க வகுத்த இணைய அணுகல் நெறிகள் சாதாரண அளவு எழுத்துக்குக் குறைந்தது 4.5:1 வேறுபாட்டு விகிதம் (எழுத்துக்கும் பின்னணிக்கும் இடையிலான ஒளிர்வு விகிதம்) கேட்கின்றன. வெள்ளையில் கறுப்புக்கு அது 21:1, தூய சிவப்புக்கு ஏறத்தாழ 4:1, மஞ்சளுக்கு 1.1:1 கூட இல்லை. கருஞ்சிவப்பும் கரும்பச்சையும் தனித்தனியே படிக்க எளியவை என்றாலும், சிவப்பு-பச்சை நிறக்குறைபாடு உள்ளவருக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியக்கூடும் ஆகையால், கறுப்பு, நீலம், செங்கல் நிறம் ஆகியவற்றைத் தேர்ந்து, ஒவ்வொரு விலைக்கும் முன்னால் மீனின் பெயரையும் எழுதுங்கள். கருநீலம் வேண்டாம், சிறிய எழுத்தில் அது கறுப்பாகவே தெரியும்.