ரத்தத்தில் உள்ள கொழுப்பு வகைகளைப் புதிய முறைகளில் எப்படி அளக்கிறார்கள்?

காரைக்குடியில் எடுத்த லிபிட் ப்ரொஃபைல் ரிப்போர்ட்டில் நாலைந்து எண்கள்தான் இருக்கின்றன, ஆராய்ச்சிக் கூடங்களில் நூற்றுக்கணக்கான கொழுப்புகளை அளக்கிறார்களாமே, எப்படி என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் உங்கள் ரிப்போர்ட். அதிலுள்ள எல்.டி.எல். (‘கெட்ட’ கொலஸ்ட்ரால்) பல லேப்களில் நேரடியாக அளந்தது அல்ல. 1972-இல் வந்த ஃபிரீடுவால்ட் சூத்திரப்படி கணக்கிட்டது. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து ‘நல்ல’ கொலஸ்ட்ராலான எச்.டி.எல்.லையும், ட்ரைகிளிசரைடு என்ற இன்னொரு கொழுப்பில் ஐந்தில் ஒரு பங்கையும் கழிப்பார்கள். ட்ரைகிளிசரைடு 400 mg/dL-ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு உதவாது. அப்போது நேரடி எல்.டி.எல். பரிசோதனை பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, ஆராய்ச்சிக் கூடம். முதல் வேலை கொழுப்பைப் பிரிப்பது. 1950-களிலிருந்து குளோரோஃபார்ம், மெத்தனால் கலவைதான். குளோரோஃபார்ம் தண்ணீரைவிடக் கனமானது, கொழுப்போடு அடியில் தங்கிவிடும். நடுவில் வெள்ளையாகப் புரத ஏடு நிற்கும். பிப்பெட் முனை அதைக் கிழித்துக்கொண்டுதான் கீழே போக வேண்டும். துளி ஒட்டினாலும் மாதிரி கெட்டது. 2008-இல் வந்த முறையில் எம்.டி.பி.இ. என்ற, தண்ணீரைவிட லேசான கரைப்பானைப் பயன்படுத்துவதால் கொழுப்பு மேலே வந்துவிடும், நம் வீட்டுக் கோழிக் குழம்பில் நல்லெண்ணெய் மிதக்கிற மாதிரி. மேலாக உறிஞ்சி எடுத்தால் போதும். சின்ன மாற்றம்தான், ஆனால் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான்.

அப்புறம் மாஸ் ஸ்பெக்ட்ரோமீட்டர். மூலக்கூறுகளுக்கு மின்னூட்டம் கொடுத்து எடை பார்க்கும். அளவு தெரிய வேண்டுமே? டியூட்டீரியம் (கனமான ஹைட்ரஜன்) சேர்த்துக் கனமாக்கிய கொழுப்பைத் தெரிந்த அளவில் முன்பே கலந்துவைத்து, அதோடு ஒப்பிடுவார்கள்.

ஒரே எடையுள்ள இரண்டு கொழுப்புகளில் இரண்டு கார்பன் அணுக்களுக்கு இடையிலான இரட்டைப் பிணைப்பு மட்டும் இடம் மாறியிருந்தால் எடை காட்டிக்கொடுக்காது. அங்கே ஓசோன் உதவுகிறது. பிணைப்பு உள்ள இடத்திலேயே மூலக்கூறை அது வெட்டும். துண்டுகளின் எடையை வைத்து இடத்தைச் சொல்லிவிடலாம்.