தரவுத்தளத்துக்கு முன்பே தொடங்கிவிடும் நிரல்

கேள்வி: எங்கள் அலுவலக சர்வரில் ஃப்ரீபிஎஸ்டி இயங்குதளம் இயங்குகிறது. போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தைப் பயன்படுத்தும் கணக்கு நிரல் ஒன்றைத் தொடங்கும் கட்டளையை, பூட்டின்போது இயக்கப்படும் ஆர்சி.லோக்கல் கோப்பில் எழுதி வைத்தேன். கையால் தொடங்கினால் ஓடுகிறது. ரீபூட் செய்தால், தரவுத்தளத்துடன் இணைய முடியவில்லை என்று நின்றுவிடுகிறது. கட்டளைக்கு முன்னால், 30 விநாடி காத்திருக்கச் சொல்லும் ‘ஸ்லீப் 30’ சேர்த்தும் பயனில்லை. என்ன செய்யலாம்?

பதில்: ஸ்லீப் நேரத்தை எவ்வளவு கூட்டினாலும் பயன் இராது. ஆர்சி.லோக்கல் முடிந்த பிறகுதான் போஸ்ட்கிரெஸ் தொடங்கப்படுகிறது. ஆகவே அந்த 30 விநாடிகளும் தரவுத்தளத்தையும் சேர்த்தே காக்க வைக்கின்றன.

பூட்டின்போது சேவைகளைத் தொடங்கும் ஒவ்வொரு ஸ்கிரிப்டின் தலைப்பகுதியிலும், தான் எந்தச் சேவையைத் தருகிறது என்பதை ‘ப்ரொவைட்’ வரியும், எவற்றுக்குப் பின் தொடங்க வேண்டும் என்பதை ‘ரெக்வையர்’ வரியும், எவற்றுக்கு முன் தொடங்க வேண்டும் என்பதை ‘பிஃபோர்’ வரியும் சொல்கின்றன. ஆர்சிஆர்டர் என்னும் நிரல் இவற்றைப் படித்து வரிசையை அமைக்கிறது. 2000-இல் நெட்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தின் 1.5 பதிப்புடன் வந்த இந்த ஏற்பாடு, 2003-இல் ஃப்ரீபிஎஸ்டி 5.0-க்கும் வந்தது. கோப்புப் பெயர்களில் எண்களை ஒட்டி வரிசைப்படுத்திய சிஸ்டம் ஃபைவ் யூனிக்ஸ் முறையைவிட இது தெளிவானது என்பது என் உறுதியான கருத்து. ஏனெனில், காரணம் ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதப்பட்டிருக்கிறது. ஆர்சி.லோக்கலை இயக்கும் ஸ்கிரிப்டில் ‘பிஃபோர்: லாகின்’ என்றும், போஸ்ட்கிரெஸ் ஸ்கிரிப்டில் ‘ரெக்வையர்: லாகின்’ என்றும் இருப்பதைத் திறந்து பார்த்தால், உங்கள் சிக்கல் விளங்கிவிடும்: லாகின் என்பது தொடக்க வரிசையில் ஒரு கட்டத்தின் பெயர்; ஆர்சி.லோக்கல் அதற்கு முன்பும், போஸ்ட்கிரெஸ் அதற்குப் பின்பும் வருகின்றன.

எனவே கட்டளையை ஆர்சி.லோக்கலிலிருந்து நீக்கிவிட்டு, யூஎஸ்ஆர், லோக்கல், எட்சி என்ற வழியிலுள்ள ஆர்சி.டி கோப்புறையில் உங்கள் நிரலுக்கெனத் தனி ஸ்கிரிப்ட் எழுதுங்கள். அதில் ‘ரெக்வையர்: போஸ்ட்கிரெஸ்க்யூஎல்’ என்று குறிப்பிடுங்கள். இந்த வரி வரிசையை மட்டுமே தீர்மானிக்கும், தரவுத்தளத்தைத் தானாகத் தொடங்கிவிடாது என்பதால், இரண்டு சேவைகளுக்கும் ஆர்சி.கான்ஃப் என்ற அமைப்புக் கோப்பில் ‘எனேபிள்’ மாறி ‘யெஸ்’ என்று இருக்க வேண்டும். நிரல் தானாகப் பின்னணிக்குச் செல்லாதது என்றால், அதைப் பின்னணியில் இயக்கும் டீமன் கட்டளையின் வழியே தொடங்குங்கள். இல்லாவிட்டால் பூட் அந்த இடத்திலேயே நின்றுவிடும். முழு அதிகாரமுள்ள ரூட் கணக்கில் இயக்காமல், அதற்கெனத் தனிப் பயனர் கணக்கையும் வைத்துக்கொள்ளுங்கள்.

சோதிக்கும்போது ஸ்கிரிப்டை நேரடியாக இயக்காமல், சர்வீஸ் கட்டளையால் தொடங்குங்கள். கட்டளைகளை எந்தக் கோப்புறைகளில் தேட வேண்டும் என்று சொல்லும், உங்கள் ஷெல்லில் உள்ள பாத் மாறியின் மதிப்பு பூட்டின்போது இருப்பதில்லை. சர்வீஸ் கட்டளை அதையொத்த குறுகிய சூழலைத் தருவதால், முழுப் பாதை எழுதாத கட்டளைகள் அங்கேயே பிடிபட்டுவிடும்.

‘கீவேர்ட்: ஷட்டவுன்’ என்ற வரியையும் விட்டுவிடாதீர்கள். சர்வரை அணைக்கும்போது, இந்த வரி உள்ள சேவைகள் தொடங்கிய வரிசைக்கு நேர் எதிராக நிறுத்தப்படுகின்றன. அப்போதுதான் உங்கள் நிரல் எழுதிக்கொண்டிருக்கும் கணக்கை முடித்து வெளியேறிய பின் போஸ்ட்கிரெஸ் மூடப்படும்.