பில்டப் பெரிசு, கேம் மொக்கை: திட்டினால் நடக்குமா, காசு திரும்புமா?

கேள்வி: வியாசர்பாடியில் இருக்கிற தம்பி ஒருவன் ட்ரெய்லரில் மயங்கி ஒரு கேமை ப்ரீ-ஆர்டர் செய்தான். வந்த கேமுக்கும் ட்ரெய்லருக்கும் சம்பந்தமே இல்லை. நெட்டில் எல்லோரும் கழுவி ஊற்றுகிறார்கள். ஏன் இவ்வளவு கோபம்? நாமும் திட்டினால் ஏதாவது நடக்குமா?

பதில்:

திட்டுவதை ராத்திரிக்கு வைத்துக்கொள்ளலாம். முதலில் தம்பியைக் கேமை முழுசாக மூடச் சொல்லுங்கள். மெனுவில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனாலும் 'ஆடிய நேரம்' ஏறிக்கொண்டேதான் இருக்கும். காசு திரும்புமா திரும்பாதா என்பது அந்த நேரத்தில்தான் இருக்கிறது.

கம்ப்யூட்டரில் ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடை வழியாக வாங்கியிருந்தால் கணக்கு எளிது: வாங்கி 14 நாள் தாண்டக் கூடாது, ஆடியது 2 மணி நேரத்துக்குள் இருக்க வேண்டும். ப்ரீ-ஆர்டர் என்றால் வெளியாகும் நாள் வரை எப்போது வேண்டுமானாலும் ரத்து செய்யலாம். 14 நாள் கணக்கு வெளியான நாளிலிருந்துதான் ஓடும். கூடுதல் காசு கொடுத்து இரண்டு மூன்று நாள் முன்னாலேயே ஆட வாங்கியவர்கள் ஜாக்கிரதை. 2024 ஏப்ரலிலிருந்து அந்த முன்நாள் ஆட்டத்தையும் 2 மணி நேரத்தில் சேர்க்கிறார்கள். ஸ்டீமின் ஹெல்ப் பக்கத்தில் 'பர்ச்சேஸஸ்' போய், கேமைத் தொட்டு, ரீஃபண்ட் வேண்டும் என்ற வரியைத் தேர்ந்தெடுத்துக் காரணம் எழுத வேண்டும். காசு வந்த வழிக்கே போகட்டுமா, ஸ்டீம் வாலட்டுக்குப் போகட்டுமா என்று கேட்கும். வாலட் என்றால் அந்தக் காசு ஸ்டீமை விட்டு வெளியே வராது. ஒப்புதல் கிடைத்தபின் வழக்கமாக ஒரு வாரத்துக்குள் வந்துவிடும்.

அந்த 2 மணி நேரத்தைச் சத்தமில்லாமல் தின்கிற இரண்டு விஷயங்கள் உண்டு. ஒன்று, ஷேடர் தயாரிப்பு. கேம் முதல்முறை திறந்ததும் உங்கள் கிராபிக்ஸ் கார்டுக்கு ஏற்றபடி சில நிரல் துண்டுகளைக் கட்டும். மெதுவான சிபியுவில் அரை மணி நேரத்துக்கு மேலும் இழுக்கும். 2023 மார்ச்சில் கம்ப்யூட்டருக்கு வந்த 'தி லாஸ்ட் ஆஃப் அஸ் பார்ட் 1' கேமில் பலருக்கு இதிலேயே பாதி நேரம் போனது. அதனால் கிராபிக்ஸ் கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை முதலில் அப்டேட் செய்துவிட்டு அப்புறம் கேமைத் திறக்க வேண்டும். நடுவில் டிரைவர் மாற்றினால் ஷேடர் கட்டுவது மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது, கேமுக்குள்ளேயே நடக்கும் டவுன்லோட். ஸ்டீம் தானாக இறக்கும் நேரம் கணக்கில் வராது. ஆனால் 2020இல் வந்த மைக்ரோசாஃப்ட் ஃப்ளைட் சிமுலேட்டர் மாதிரி, சின்ன லாஞ்சரை முதலில் இறக்கி மீதியைத் தானே இழுக்கும் கேம்களில் அந்த நேரமெல்லாம் 'ஆடிய நேரம்'தான்.

மற்ற கடைகளில்: எபிக்கிலும் 14 நாள், 2 மணி நேரம். ஜிஓஜி தாராளம், 30 நாள். பிளேஸ்டேஷன் ஸ்டோர்தான் கெடுபிடி: டவுன்லோட் தொடங்கிவிட்டாலே, கேமில் பழுது இருந்தால் ஒழிய, காசு திரும்பாது. அதனால் பிஎஸ்ஸில் ப்ரீ-ஆர்டர் செய்பவர்கள் தானாக டவுன்லோட் ஆகும் வசதியை அணைத்துவிட்டு, விமர்சனங்களைப் பார்த்து, வேண்டாம் என்றால் வெளியாகும் நாளுக்கு முன்பே ரத்து செய்துவிட வேண்டும். டிஸ்க் வாங்கினால் இந்த வம்பே இல்லை; பிடிக்கவில்லை என்றால் பர்மா பஜார் பக்கம் போய்த் தள்ளிவிடலாம், முதல் வாரத்திலேயே போனால் நல்ல விலை.

ஒன்று மட்டும் செய்யாதீர்கள்: ரீஃபண்ட் மறுத்துவிட்டார்கள் என்று பேங்குக்கு போன் போட்டு கார்டு பணத்தைத் திரும்ப இழுப்பது. ஸ்டீமும் பிளேஸ்டேஷனும் இதற்கு அக்கவுண்ட்டையே முடக்கும். ஒரு கேமுக்காகப் பழைய நூறு கேமும் உள்ளே மாட்டிக்கொள்ளும்.

இனி, ஏன் இவ்வளவு கோபம்?

மொக்கை கேம் வருவதால் யாரும் கொதிப்பதில்லை. மொக்கை கேம் வாராவாரம் வருகிறது, கண்டுகொள்ள ஆளில்லை. காசிமேட்டில் வஞ்சிரம் வாங்குகிறவர் செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் பேரம் பேசுவார். செவுள் சிவப்பாக இல்லை என்றால் அடுத்த கூடைக்கு நகர்வார், சண்டை கிடையாது. ஆனால் செவுளைத் தூக்கவிடாமல் கையைத் தட்டிவிட்டு, 'நேத்து ராத்திரி பிடிச்சது, நம்பி எடு' என்று விற்று, வீட்டில் வந்து பார்த்தால் அழுகல் என்றால்? அடுத்த நாள் அந்தக் கூடை அங்கே இருக்காது.

சைபர்பங்க் 2077 என்ற கேமில் நடந்தது அதுவேதான். 2012இல் அறிவித்து, மூன்று முறை தேதி தள்ளி, 2020 டிசம்பர் 10இல் வெளியிட்டார்கள். ப்ரீ-ஆர்டர் மட்டும் 80 லட்சம். வெளியாவதற்கு முன் விமர்சகர்களுக்குக் கொடுத்தது கம்ப்யூட்டர் பதிப்பு மட்டும். வீடியோவும் நிறுவனம் கொடுத்ததைத்தான் போட வேண்டும் என்று நிபந்தனை. சாதாரண பிஎஸ்4இல் எப்படி ஓடுகிறது என்பதை யார் கண்ணிலும் காட்டவில்லை. இங்கே இது இன்னும் கடுப்பு, ஏனென்றால் பிஎஸ்5 இந்தியாவில் விற்பனைக்கு வந்ததே 2021 பிப்ரவரி 2இல்தான். வண்ணாரப்பேட்டையிலோ தண்டையார்பேட்டையிலோ மணிக் கணக்கில் வாடகைக்கு ஆடவிடும் கடையில் அந்த டிசம்பரில் இந்த டிஸ்க் போயிருந்தால், அது போயிருக்கக்கூடிய பிளேஸ்டேஷன் பிஎஸ்4தான்.

அதில் என்ன ஆனது? பிஎஸ்4 என்பது 2013 மெஷின். உள்ளே இருப்பது நிமிடத்துக்கு 5,400 சுற்று சுழலும் லேப்டாப் ஹார்ட் டிஸ்க். நெருக்கமான ஒரு நகரத்தில் காரை வேகமாக ஓட்டும்போது, முன்னால் வரப்போகும் கட்டடம், ஆட்கள், வண்டிகள் எல்லாவற்றையும் டிஸ்கிலிருந்து நொடிக்கு நொடி இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். டிஸ்க் அந்த வேகத்துக்கு வராது. விளைவு: சுவர் களிமண் மாதிரி வழவழவென்று நிற்கும், அதன் படம் பத்து நொடி கழித்து வந்து ஒட்டும், தெரு காலியாக இருக்கும், திடீரென்று ஆட்கள் முளைப்பார்கள், நொடிக்கு 30 ஃப்ரேம் வர வேண்டிய இடத்தில் 20க்கும் கீழே போகும். பழைய கன்சோல்களுக்கு இந்த டேட்டா இழுக்கும் அமைப்பைத் தகவமைப்பதில்தான் திணறினோம் என்று நிறுவனமே 2021 ஜனவரியில் ஒப்புக்கொண்டது. அதற்கு முன்பே, வெளியான எட்டாம் நாள் வாக்கில், சோனி தன் கடையிலிருந்து கேமைத் தூக்கிவிட்டு, கேட்டவர்களுக்கெல்லாம் காசைத் திருப்பியது. அது திரும்பி ஏறியது 2021 ஜூன் 21இல்.

ட்ரெய்லர் பொய்யாவது எப்படி என்பதையும் சொல்ல வேண்டும். எல்லாமே திட்டமிட்ட பித்தலாட்டம் இல்லை. கண்காட்சிக்குக் காட்டுவது முழு கேமின் ஒரு துண்டு மட்டும்: பத்து பதினைந்து நிமிடம், ஒரே பாதை, எங்கே திரும்ப வேண்டும் என்று முன்பே எழுதிவைத்தது, ஓடுவது விலை உயர்ந்த கம்ப்யூட்டரில். அந்தத் துண்டை மெருகேற்றவே டீம் மாதக்கணக்கில் உட்காரும். எம்.சி. ரோட்டுத் துணிக்கடை வாசல் பொம்மைக்குக் கட்டிய புடவை மாதிரி. பின்னால் குண்டூசி குத்தி மடிப்பைப் பிடித்திருப்பார்கள். அந்தத் துண்டில் இருந்த வசதிகளை முழு கேமுக்கும் நீட்டும்போது நேரமும் மெமரியும் பத்தாமல் ஒவ்வொன்றாக வெட்டுவார்கள். வெட்டுவது தப்பில்லை. வெட்டியதைச் சொல்லாமல் பழைய ட்ரெய்லரையே ஓடவிடுவதுதான் தப்பு.

நோ மேன்ஸ் ஸ்கை என்ற விண்வெளி கேம் (2016 ஆகஸ்ட்) இதற்குச் சரியான சாட்சி. 18 குவின்டிலியன் கிரகங்கள், அதாவது 2இன் 64ஆம் அடுக்கு. அந்த எண் பொய்யே இல்லை, கணக்கு சரி. இன்னொரு ஆட்டக்காரரைச் சந்திக்கலாமா என்று கேட்டபோதெல்லாம் கேமை உருவாக்கிய ஷான் முர்ரே, முடியும், ஆனால் வாய்ப்பு மிகக் குறைவு என்கிற மாதிரி பதில் சொல்லிவந்தார். வெளியான முதல் நாளே இரண்டு பேர் ஒரே கிரகத்தில் ஒரே இடத்தில் போய் நின்றார்கள். ஒருவர் கண்ணுக்கு இன்னொருவர் தெரியவில்லை. வருஷக்கணக்கான பில்டப் ஒரே ராத்திரியில் உடைந்தது. அதற்கப்புறம் நிறுவனம் பேட்டியை நிறுத்தியது, வாயை மூடிக்கொண்டு அப்டேட் மட்டும் போட்டது. பலர் சேர்ந்து ஆடும் முழு மல்டிபிளேயர் 2018 ஜூலையில்தான் வந்தது. பேசாமல் வேலை செய்த அந்த இரண்டு வருஷம்தான் அவர்கள் செய்த ஒரே நல்ல விளம்பரம்.

பில்டப் கொடுப்பது எப்போதும் கம்பெனி மட்டும்தானா என்றால், இல்லை. 2020 செப்டம்பர் 2இல் பப்ஜி மொபைலைத் தடை செய்தார்கள். இரண்டே நாளில் ஃபௌஜி கேமை அக்ஷய் குமார் அறிவித்தார். இது பப்ஜிக்கு மாற்று இல்லை என்று தயாரித்தவர்கள் சொல்லியும், கடைசி ஆள் மிஞ்சும்வரை எல்லோரும் மோதும் பேட்டில் ராயல் வரப்போகிறது என்று நாமே முடிவுகட்டிக்கொண்டு லட்சக்கணக்கில் முன்பதிவு செய்தோம். 2021 ஜனவரி 26இல் வந்தது கல்வான் பள்ளத்தாக்கில் கையாலும் கட்டையாலும் அடித்துக்கொள்ளும் ஒற்றை ஆள் கதை. ப்ளே ஸ்டோரில் நட்சத்திரம் மளமளவென்று 3 பக்கம் இறங்கியது. அணி பிரிந்து மோதும் வடிவம் ஜூனில்தான் வந்தது. அறிவித்த நேரம் கம்பெனியுடையது, ஆசை நம்முடையது.

சரி, திட்டினால் நடக்குமா? எதைக் கேட்கிறோம் என்பதைப் பொறுத்தது.

ஹெல்டைவர்ஸ் 2 என்ற கேமில் 2024 மே மாதம், ஸ்டீமில் ஆடுபவர்களும் பிளேஸ்டேஷன் அக்கவுண்ட்டை இணைத்தே ஆக வேண்டும் என்றார்கள். அந்த அக்கவுண்ட்டே தொடங்க முடியாத நாடுகளிலும் கேமை விற்றிருந்தார்கள். சில நாட்களில் 2 லட்சத்துக்கும் மேல் எதிர் விமர்சனம். கோரிக்கை ஒன்றே ஒன்று, இந்த விதியை எடு. எடுத்தார்கள். 2017இல் ஸ்டார் வார்ஸ் பேட்டில்ஃப்ரன்ட் 2இல் டார்த் வேடர் பாத்திரத்தைத் திறக்க, கேமுக்குள் சேர்க்கும் பணமான கிரெடிட் 60,000 வேண்டும். அதற்குச் சமாதானம் சொன்ன நிறுவனத்தின் ரெடிட் பதிலுக்கு 6 லட்சத்துக்கு மேல் எதிர் ஓட்டு விழுந்து கின்னஸ் சாதனையானது. விலை 15,000 ஆனது, கேம் கடைக்கு வருவதற்கு முன்பே காசுக்கு வாங்கும் பகுதியை அணைத்தார்கள். 'தி டே பிஃபோர்' 2023 டிசம்பர் 7இல் வந்தது; பெரிய திறந்த உலக ஆன்லைன் கேம் என்றார்கள், வந்தது வேறு. நாலே நாளில் ஸ்டுடியோவை மூடினார்கள். எத்தனை மணி ஆடியிருந்தாலும் ஸ்டீம் காசைத் திருப்பியது.

நடக்காதது எது? ஆளைத் திட்டுவது. நோ மேன்ஸ் ஸ்கை தேதி தள்ளியதற்கே கொலை மிரட்டல் விட்டார்கள். அந்த மாதிரி மெசேஜைப் படிப்பது சம்பளத்துக்கு உட்கார்ந்திருக்கும் ஏதோ ஒரு பையனோ பெண்ணோ. கேமுக்கே சம்பந்தமில்லாத விஷயத்துக்குக் கூட்டமாக மைனஸ் போட்டாலும் வீண். 2019 மார்ச்சிலிருந்து அப்படிப்பட்ட நாட்களின் விமர்சனங்களை மதிப்பெண் கணக்கிலிருந்து ஸ்டீம் ஒதுக்கிவைக்கிறது.

தம்பி எழுதும் விமர்சனம் பயன்பட வேண்டும் என்றால், 'த்தூ, வேஸ்ட்' என்று முடிக்காமல் இவற்றைப் போடச் சொல்லுங்கள்: சிபியு, கிராபிக்ஸ் கார்டு, ரேம், கேம் எஸ்எஸ்டியில் இருக்கிறதா ஹார்ட் டிஸ்கிலா, டிரைவர் எண், எந்த பேட்ச், எந்த செட்டிங்கில் எத்தனை ஃப்ரேம், எந்த இடத்தில் க்ராஷ். அதோடு ட்ரெய்லரின் எந்த நிமிடத்தில் எதைக் காட்டினார்கள், கேமில் அது எங்கே இல்லை. அந்த ட்ரெய்லர் வீடியோவையும் கடைப் பக்கத்தையும் இன்றைக்கே ஸ்கிரீன்ஷாட் எடுத்துவைக்கட்டும். சண்டை பெரிதானால் முதலில் மாறுவது கடைப் பக்கத்து வாசகம்தான்.

அந்த ஸ்கிரீன்ஷாட் இன்னொன்றுக்கும் உதவும். இந்தியாவில் நடக்கும் ஆன்லைன் கடையிலோ நேர்க் கடையிலோ டிஸ்க் அல்லது டவுன்லோட் கோட் (code) வாங்கி, அட்டையில் போட்டிருந்தது உள்ளே இல்லை என்றால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் அதைத் தவறான விளம்பரம் என்கிறது. முதலில் தேசிய நுகர்வோர் ஹெல்ப்லைனான 1915க்கு போன் போட்டுப் புகார் எண் வாங்குங்கள். பாதி விவகாரம் அதிலேயே பேசி முடியும். முடியாவிட்டால் வாங்கியவர் குடியிருக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். வியாசர்பாடிக்காரருக்குச் சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையம். கொடுத்த காசு 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை, இரண்டு வருஷத்துக்குள் போட வேண்டும். பில், பேமென்ட் மெசேஜ், விற்றவருக்கு அனுப்பிய புகார் மெயில் மூன்றும் கையில் இருக்கட்டும். வெளிநாட்டில் உட்கார்ந்திருக்கும் கம்பெனிமேல் போட்டால் நோட்டீஸ் போய்ச் சேரவே மாதங்கள் ஆகும். அங்கே அந்த 14 நாள், 2 மணி நேரக் கதவுதான் வேகம்.

அடுத்த முறை ப்ரீ-ஆர்டர் பட்டனைத் தொடுவதற்கு முன் ஒன்றே ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: நம்மிடம் இருக்கிற அதே மெஷினில், வெட்டாமல் ஒட்டாமல் ஓடும் வீடியோவைக் கம்பெனி காட்டியிருக்கிறதா? பிஎஸ்4க்கு வாங்குகிறவருக்கு பிஎஸ்5 வீடியோ எதற்கும் ஆகாது. விமர்சனம் வெளியிட அனுமதித்த நேரம் கேம் வெளியாகும் அதே நிமிடம் என்றால், அங்கே செவுளைத் தூக்கவிட மாட்டேன் என்கிறார்கள்.