கோழிக்கூட்டுக்குள் பாம்பு வராமல் தடுப்பது எப்படி?

வேளச்சேரியில் வீட்டுக் கொல்லையில் வளர்க்கும் குஞ்சுகள் இரவில் ஒவ்வொன்றாகக் குறைவதாகவும், கூட்டருகே பாம்புச் சட்டை கிடந்ததாகவும் கேட்டிருக்கிறீர்கள். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பகுதி என்பதால் இதில் வியப்பில்லை. பாம்பைக் கூட்டுப்பக்கம் இழுப்பது பெரும்பாலும் எலிதான். ஆகவே சிந்திய தீவனத்தை அந்தியிலேயே பெருக்கி, குருணையை மூடியுள்ள தகர டின்னில் வைத்து, முட்டைகளை அன்றாடம் எடுத்துவிடுங்கள்.

வழக்கமான அறுகோணக் கோழிவலை பாம்பைத் தடுக்காது. என் கூட்டில், கட்டைவிரல் நுழையும் கண்ணி வழியே புகுந்த ஒரு சிறு சாரை, குஞ்சை விழுங்கிப் புடைத்த வயிற்றோடு வெளியேற முடியாமல் மூலையில் சுருண்டு கிடந்ததை விடியலில் பார்த்தேன். கால் அங்குலக் கண்ணியுள்ள வெல்டு மெஷ் எனும் பற்றவைத்த கம்பிவலையை அடிப்பக்கம் உட்பட எல்லாப் புறமும் அடித்து, கதவிடுக்கையும் அடைப்பதே உறுதியான வழி. நைலான் வலை வேண்டாம். பாம்பு அதில் சிக்கி, உடல் அறுபட்டுத் துடித்துச் சாகும். பூண்டுச் சாற்றையும் பினாயிலையும் நம்பியிருக்காதீர்கள்.

உள்ளே பாம்பைக் கண்டால், சாரையா நல்லபாம்பா என்று குனிந்து ஆராயாமல், விலகி நின்று வனத்துறைக்குத் தெரிவியுங்கள். இரண்டுமே 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் காக்கப்படுபவை. முட்டையெடுக்கக் கையை விடும்முன் டார்ச் அடித்துப் பார்ப்பதை மட்டும் ஒருநாளும் மறவாதீர்கள்.