கர்நாடக மலையில் தங்கம் என்று பங்குப் பணம் வாங்கினார்கள்: திரும்பக் கேட்கலாமா?

கேள்வி: நாமக்கல் பக்கம் எங்கள் ஊர். அரசுப் பேருந்தில் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவன். கர்நாடகத்தில் ஒரு மலையில் தங்கமும் பிளாட்டினமும் இருப்பதாகச் சொல்லும் நிறுவனத்தின் பங்குக்காக 10 மாதங்களுக்கு முன் 6 லட்சம் கொடுத்தேன். 4 லட்சம் வங்கி வழியாக, 2 லட்சம் ரொக்கம். தங்கை வீட்டுக்காரர்தான் சேர்த்துவிட்டார். மாதம் 1.5 சதவீதம் தருவதாகக் கடிதம் கொடுத்தார்கள், இரண்டு மாதம் வந்ததோடு சரி. பங்கும் வரவில்லை. கேட்டால், "எங்கள் தங்கம் சாதாரணச் சோதனையில் தெரியாது, தனி முறை வேண்டும்" என்கிறார்கள். இப்போது, இன்னும் ஒரு வருடம் பொறுக்கச் சம்மதம் என்று எழுதிய கடிதத்தில் கையெழுத்துக் கேட்கிறார்கள். போடலாமா?

பதில்: போடாதீர்கள் ஐயா. கெடு தவறியவர்களுக்கு நீங்களே புதுக் கெடு கொடுத்ததாக ஆகிவிடும். நாளை நீதிமன்றத்தில் "எல்லாம் தெரிந்துதான் சம்மதித்தார்" என்று அதே தாளை நீட்டுவார்கள்.

நீங்கள் அனுப்பிய ஆய்வக அறிக்கையின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒரு டன்னுக்கு 14 கிராம் தங்கம் என்ற வரிக்கு மஞ்சள் அடித்திருக்கிறார்கள். மேலே பாருங்கள்: மாதிரியின் எடை 1.2 கிலோ, கொடுத்தவர் நிறுவனமேதான். அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி: "பெறப்பட்ட மாதிரிக்கு மட்டுமே இந்த முடிவு பொருந்தும்." அந்தக் கல் எங்கே பொறுக்கியது என்று ஆய்வகத்துக்குத் தெரியாது. மலையைப் பற்றி அந்தத் தாள் ஒன்றுமே சொல்லவில்லை. தனி முறை என்ற பேச்சையும் நம்பாதீர்கள். தங்கத்துக்கும் பிளாட்டினத்துக்கும் ஃபயர் அஸே எனும் உலைச் சோதனையைத்தான் உலகம் முழுக்க நம்புகிறார்கள்.

கனடாவின் பிரீ-எக்ஸ் நிறுவனத்தின் கதை இதற்குப் பொருந்தும். இந்தோனேசியாவின் புசாங்கில் 7 கோடி அவுன்ஸ் தங்கம் என்றார்கள். துளையிட்டு எடுக்கும் பாறைத் தண்டில் பாதியை மறுசோதனைக்கு வைத்திருப்பது வழக்கம். இவர்கள் முழுத் தண்டையும் பொடித்துவிட்டார்கள். அந்தப் பொடியில் வெளியிலிருந்து தங்கத்துகள் கலந்திருந்தது. 1997 மார்ச்சில் ஃப்ரீபோர்ட் நிறுவனம் அதே துளைகளுக்குப் பக்கத்தில் துளைபோட்டபோது சொல்லும்படியாக எதுவும் இல்லை. மே மாதம் ஸ்ட்ராத்கோனா நிறுவனத்தின் தனி ஆய்வு, மாதிரிகள் பொய்யானவை என்று உறுதி செய்தது. அப்புறம் பல வருடம் வழக்கு நடந்தும் முதலீட்டாளர்களுக்குக் கிடைத்தது சொற்பம். பிரீ-எக்ஸின் தலைமைப் புவியியலாளர் 2007-இல் விடுதலையானார். இதை நான் சொல்வது ஒரே காரணத்துக்காக: தங்கம் இல்லை என்று நிரூபித்துப் பணம் வாங்குவது நீண்ட, கடினமான வழி. அதோடு, தேடியும் தங்கம் கிடைக்காமல் போவது குற்றமும் அல்ல. கிடைக்காததைக் கிடைத்ததாகச் சொல்லிப் பணம் வாங்குவதுதான் குற்றம்.

அதனால் உங்கள் வழக்கைத் தங்கத்தின் மேல் கட்ட வேண்டாம். பணம் வாங்கிய முறையின் மேல் கட்டுவோம்.

நிறுவனங்கள் சட்டம் 2013-இன் 42-வது பிரிவைப் பாருங்கள். தனியாரிடம் பங்குப் பணம் வாங்கினால் 60 நாளில் பங்கு ஒதுக்க வேண்டும். முடியாவிட்டால் அடுத்த 15 நாளில் பணத்தைத் திருப்ப வேண்டும். அதுவும் தவறினால், 60-வது நாள் முடிந்ததிலிருந்து ஆண்டுக்கு 12 சதவீத வட்டி. அப்படித் திருப்பாத பணம் வைப்புத்தொகையாகவே கருதப்படும். ரொக்கமாக வாங்கவே கூடாது. முகவர்களை வைத்து ஊர் முழுக்க ஆள் சேர்க்கவும் கூடாது. உங்களுக்கு 10 மாதம் ஆகிவிட்டது. இதை நிரூபிக்க எந்தப் புவியியலாளரும் வேண்டாம், வங்கிக் கணக்கு அறிக்கை போதும்.

நிறுவன விவகார அமைச்சகத்தின் தளத்தில் 100 ரூபாய் கட்டினால் அந்த நிறுவனம் தாக்கல் செய்த ஆவணங்களைப் பார்க்கலாம். பாஸ்-3 என்ற படிவத்தில் பங்கு ஒதுக்கப்பட்டவர்களின் பட்டியல் இருக்கும். உங்கள் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். அடுத்து, கர்நாடகச் சுரங்கத் துறைக்கு 10 ரூபாய்க் கட்டணத்தில் ஒரு தகவல் உரிமை மனு: இந்த நிறுவனத்துக்கு எந்த இடத்திலாவது தங்கச் சுரங்கக் குத்தகையோ ஆய்வு உரிமமோ உண்டா? இதை மட்டும் கேளுங்கள். நிலம் சொந்தமாக இருந்தால் தங்கம் தோண்டலாம் என்பதில்லை. சுரங்கச் சட்டத்தின் 2015 திருத்தத்துக்குப் பின் அந்த உரிமை பெரும்பாலும் அரசின் ஏலம் வழியாகத்தான் வரும். உரிமமே இல்லை என்று பதில் வந்தால், 'எங்கள் சுரங்கம்' என்று சொன்னது பொய்யாகிறது. அப்போது ஏமாற்றுதலுக்கான பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவும், மோசடிக்கான நிறுவனச் சட்டத்தின் 36, 447-வது பிரிவுகளும் வந்து நிற்கும்.

இதற்கிடையில் வக்கீல் நோட்டீஸ் அனுப்பிவிடுங்கள். அசல், வட்டி, 15 நாள் கெடு. பணம் வராவிட்டால் பொருளாதாரக் குற்றப்பிரிவில் புகார் கொடுங்கள். மாதம் 1.5 சதவீதம் என்ற கடிதம் இருப்பதால், பெயர் பங்கு என்றாலும் இது வைப்புத்தொகைதான் என்று தமிழ்நாடு முதலீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் 1997-இன் கீழ் வாதிட இடம் உண்டு. அந்தச் சட்டத்தில் நிறுவனத்தின் சொத்தையே முடக்கலாம். பணம் திரும்பக் கிடைக்க உண்மையில் உதவுவது அந்த முடக்கம்தான். சொத்து கைமாறிய பின் தீர்ப்பு வந்து என்ன செய்வது? உரிமையியல் வழக்குக்கு மூன்று வருடம் அவகாசம் இருந்தாலும் காத்திருக்காதீர்கள்.

ரொக்கம் கொடுத்த 2 லட்சத்துக்கு ரசீது இல்லை என்கிறீர்கள். "அண்ணா, ரெண்டும் கைக்கு வந்துருச்சு" என்று தங்கை வீட்டுக்காரர் அனுப்பிய வாட்ஸப் செய்தி இருக்கிறதே, அதை அழிக்காதீர்கள், போனையும் மாற்றாதீர்கள். மின்னணுச் சாட்சியம் என்பதால் புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியமின் 63-வது பிரிவுச் சான்றிதழோடு தாக்கல் செய்யலாம். வாட்ஸப் குழுக்களில் "மோசடிக்காரர்கள்" என்று மட்டும் எழுதாதீர்கள், அவதூறு வழக்கு போட அவர்களுக்கு ஒரு சாக்கு கிடைத்துவிடும்.

தங்கை வீட்டுக்காரர் மேல் கோபம் இருப்பது புரிகிறது. ஆனால் அவர் பணமும் அதில் மாட்டியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அப்படியென்றால் அவர் உங்கள் முதல் சாட்சி. யாரிடம், எந்தத் தேதியில், எந்த அலுவலகத்தில் ரொக்கத்தைக் கொடுத்தார் என்று இந்த வாரமே எழுதி வாங்குங்கள். இரண்டு பேரும் சேர்ந்தே வக்கீலிடம் போங்கள்.