முதல் ரெண்டு நிமிஷமும் அதுக்கப்புறம் வர்ற ரெண்டு வருஷமும்

கேள்வி: அக்கா, பி.காம். முடிச்சு ஒன்றரை வருஷம் ஆச்சு. மதுரை, கோயம்புத்தூர்னு இதுவரைக்கும் ஏழு இன்டர்வியூ போயிட்டேன். ரிட்டன் டெஸ்ட்ல எல்லாம் பாஸ் ஆயிடுறேன், உள்ள போய் உக்காந்ததும் நாக்கு மேல ஒட்டிக்குது. போன வாரம் ஒரு ஆபீஸ்ல நான் வாயத் தொறக்குறதுக்கு முன்னாடியே வேணாம்னு முடிவு பண்ணிட்டாங்க, அவங்க மூஞ்சியிலயே தெரிஞ்சுச்சு. பாத்த ஒடனே ஒருத்தன எடை போடுறது நியாயமா? என் சுபாவமே இப்படித்தான்னா நான் எங்க போறது?
- ஒரு வாசகர், உசிலம்பட்டி

பதில்: நியாயமான்னு கேட்டா இல்ல தம்பி. ஆனா எல்லாரும் பண்றாங்க, நீங்களும் நானும் பஸ்ல பக்கத்து சீட்டுல வந்து உக்கார்றவங்ககிட்ட தினமும் பண்றோம். 2006ல பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துல ஜானின் வில்லிஸ், அலெக்ஸாண்டர் டோடோரோவ்னு ரெண்டு பேர் இத சோதிச்சுப் பாத்தாங்க. முன்ன பின்ன தெரியாத ஆளுங்க போட்டோவ ஒரு செகண்டுல பத்துல ஒரு பங்கு நேரம் மட்டும் காட்டிட்டு இவர் நம்பத் தகுந்தவரா, திறமைசாலியான்னு கேட்டாங்க. அந்தக் கண்ணிமைக்கிற நேரத்துல சொன்ன பதிலும், எவ்வளவு நேரம் வேணாலும் பாத்துக்கங்கன்னு விட்டவங்க சொன்ன பதிலும் பெரும்பாலும் ஒத்துப்போச்சு. நேரத்தக் கூட்டிக் குடுத்தப்போ தீர்ப்பு பெருசா மாறல, நாம சொன்னது சரிதாங்கிற நம்பிக்கைதான் கூடுச்சு. அதனால நீங்க அந்த ரூம்ல பாத்தது உங்க பிரமை இல்ல.

ஆனா இதுல உங்க கையில இருக்கிற விஷயம் ஒண்ணு இருக்கு, அது வரிசை. 1946ல சாலமன் ஆஷ்னு ஒரு உளவியல் பேராசிரியர் ஒரு ஆளப் பத்தி ஆறு குணத்த வாசிச்சுக் காட்டுனாரு: புத்திசாலி, உழைப்பாளி, அவசரக்காரர், குறை சொல்றவர், பிடிவாதக்காரர், பொறாமைக்காரர். இன்னொரு கூட்டத்துக்கு அதே ஆறயும் தலைகீழா, பொறாமையில ஆரம்பிச்சு வாசிச்சாரு. புத்திசாலின்னு முதல்ல கேட்டவங்க, கொஞ்சம் குறை இருந்தாலும் வேலைக்காரன்னு எடுத்துக்கிட்டாங்க, பொறாமைய முதல்ல கேட்டவங்களுக்கு அந்த ஆளோட திறமையே அவனோட பிரச்சினைக்குள்ள முங்கிப்போச்சு. வார்த்தை அதேதான், முன்ன வந்தது பின்ன வந்ததுக்குச் சாயம் பூசிடுச்சு.

இப்ப உங்க இன்டர்வியூவ நினைச்சுப் பாருங்க. உங்களப் பத்தி சொல்லுங்கன்னு கேட்டதும் அப்பா பேரு, அம்மா பேரு, படிச்ச ஸ்கூல், ஹாபின்னு மனப்பாடம் பண்ண இங்கிலீஷ்ல போறீங்கதானே, அது முடியறதுக்குள்ள அந்த ரெண்டு நிமிஷம் காலி. அதுக்குப் பதிலா உங்க கையால செஞ்ச ஒரு வேலைய முதல் வாக்கியமா வைங்க, மாமா கடையில ஆறு மாசம் டேலில பில் போட்டிருக்கலாம், பக்கத்து வீட்டு மளிகைக் கடைக்கு ஜிஎஸ்டி கணக்கு எடுத்துக் குடுத்திருக்கலாம், எது உண்மையோ அது. செஞ்ச வேலையப் பத்திப் பேசும்போது நாக்கு ஒட்டாது, ஏன்னா அதுக்கு மனப்பாடம் வேண்டாம். கதவத் தொறந்ததும் நேரா சீட்டுக்கு ஓடாம, உள்ள இருக்கிறவங்க எல்லாரையும் ஒரு தடவ பாத்து வணக்கம் சொல்லுங்க, உக்காந்ததும் ஒரு மூச்சு இழுத்துவிட்டு அப்புறம் பேசுங்க. ஆள் பாதி ஆடை பாதின்னு சொல்வாங்க, ஆடைக்குத் துவைச்சு இஸ்திரி போட்ட சட்டை போதும், கடன் வாங்கி பிளேசர் எடுக்காதீங்க, பழக்கமில்லாத துணி ஆள இன்னும் இறுக்கிடும்.

சுபாவம்னு எழுதியிருக்கீங்க பாருங்க, அதுதான் எனக்கு மனசுக்கு கஷ்டமா இருக்கு. 1977ல மின்னசோட்டாவுல மார்க் ஸ்னைடரும் அவர் கூட இருந்தவங்களும் ஆம்பளைங்கள முகம் தெரியாத பொண்ணுங்களோட போன்ல பேச வச்சாங்க. சிலருக்கு அழகான ஒரு பொண்ணோட போட்டோ, சிலருக்கு அப்படி இல்லாத போட்டோ, ரெண்டுமே பேசுற பொண்ணோடது கிடையாது. அப்புறம் அந்தப் பொண்ணுங்க பேசுன பகுதிய மட்டும் வேற ஆளுங்களுக்குப் போட்டுக் காட்டுனா, அழகின்னு நினைச்சுப் பேசப்பட்டவங்க நெசமாவே இன்னும் கலகலப்பா, நட்பா பேசியிருக்காங்க. அந்தப் பக்கம் இருந்தவரு எப்படி நடத்துனாரோ இந்தப் பக்கம் குணம் அப்படித் தெரிஞ்சிருக்கு. அதனால ஏழு ரூம்ல ஒட்டுன நாக்க வச்சு நான் இப்படித்தான்னு உங்களுக்கு நீங்களே எழுதிக்காதீங்க, உங்க சேக்காளிங்களோட டீக்கடையில பேசுறப்போ அது ஒட்டுதா என்ன?

1958ல டேராடூன்ல விமானப்படை தேர்வுக்குப் போன ராமேஸ்வரத்து இளைஞரு 25 பேர்ல ஒன்பதாவதா வந்தாரு, எடுத்தது எட்டுப் பேரத்தான். அறிவ விட ஆளுமையத்தான் அங்க அதிகம் பாத்தாங்கன்னு அப்துல் கலாமே பின்னாடி எழுதியிருக்காரு. அவரு எவ்வளவு ஒடைஞ்சு போனாருன்னும் எழுதியிருக்காரு. எட்டாவது இன்டர்வியூவுக்கு அப்ளை பண்ணுங்க தம்பி.

கேள்வி: ஈரோட்டுல முப்பது வருஷமா பாத்திரக்கடை வச்சிருக்கேன். ஆள் உள்ள வர்ற நடையிலயே இவன் தேறுவானா மாட்டானான்னு சொல்லிடுவேன், பெரும்பாலும் தப்புனதில்ல. இப்ப பையன் வந்து கேள்விய பேப்பர்ல எழுதி வச்சு எல்லார்கிட்டயும் அதையே கேக்கணும்கிறான். அனுபவத்துக்கு மரியாதை இல்லையா?
- ஒரு வாசகர், ஈரோடு

பதில்: அனுபவத்துக்கு மரியாதை கண்டிப்பா உண்டுங்கண்ணா. ஒண்ணு மட்டும் கேக்குறேன், நீங்க வேண்டாம்னு அனுப்பினவங்க அப்புறம் என்ன ஆனாங்கன்னு உங்களுக்குத் தெரியுமா? எடுத்த ஆளு நல்லா வேலை செஞ்சா நம்ம கணிப்பு சரின்னு தெரியும், அனுப்பின ஆளு பக்கத்துத் தெருக் கடையில தூணா நின்னாலும் நம்ம காதுக்கு வராது. அதனால கணக்குல ஒரு பக்கம் எப்பவுமே காலியாத்தான் இருக்கும்.

நான் இருபது வருஷம் ஆள் எடுக்குற வேலையில இருந்தேன், எனக்கும் இதே நம்பிக்கை இருந்துச்சு. ஒரு தடவ அக்கவுண்ட்ஸுக்கு ரெண்டு பேர் வந்தாங்க, ஒருத்தரு சரளமா சிரிச்சுப் பேசுனாரு, இன்னொரு பொண்ணு வேர்த்து விறுவிறுத்து தலையக் குனிஞ்சே பதில் சொல்லுச்சு. சிரிச்சவர எடுத்தேன். நாலு மாசத்துல வங்கிக் கணக்கும் எங்க புத்தகமும் ஒத்துப்போகாம ராத்திரி பத்து மணி வரைக்கும் மூணு பேர் உக்காந்து சரி பண்ணோம். நல்லாப் பேசுறாரு, அதனால நல்லா கணக்கும் பாப்பாருன்னு நானே முடிச்சு போட்டுக்கிட்டேன். இந்த முடிச்சத்தான் 1920ல எட்வர்ட் தார்ன்டைக் எழுதுனாரு. ராணுவ அதிகாரிங்க தங்களுக்குக் கீழ உள்ளவங்களுக்குக் குடுத்த மதிப்பெண்ண பாத்தா, உடல்வாகுக்கு நிறைய போட்டவங்களுக்கே அறிவுக்கும், தலைமைக்கும், நடத்தைக்கும்கூட நிறைய போட்டிருந்தாங்களாம். ஒரு குணத்தோட வெளிச்சம் மத்ததுலயும் அடிச்சிருக்கு. அந்தப் பொண்ணு இப்ப எங்க இருக்குன்னு எனக்குத் தெரியாது, அடிக்கடி நினைச்சுக்குவேன்.

உங்களுக்கு ஒரு நல்ல முன்னோடி இருக்காருண்ணா. 1910 வாக்குல நெல்லூர் கலெக்டரா இருந்த ராமச்சந்திர ராவ். அவர்கிட்ட ஒரு கும்பகோணத்து ஆளக் கூட்டிட்டு வந்தாங்க, குட்டையா, பருமனா, சவரம் பண்ணாத மூஞ்சி, அவ்வளவு சுத்தமாவும் இல்ல, கக்கத்துல பிஞ்ச நோட்டு, கண்ணு மட்டும் மினுங்குது. இது ராவே பின்னாடி எழுதி வச்சதுதான். அவரு சொன்ன கணக்கு ராவுக்குப் புரியல, இது பெரிய விஷயமா வெறும் உளறலான்னு முடிவு பண்ற அளவுக்கு தனக்கு ஞானம் இல்லன்னு நினைச்சிருக்காரு. அங்கேயே போய்ட்டு வாப்பான்னு முடிச்சிருக்கலாம், கலெக்டர், யாரும் கேக்கப்போறதில்ல. ஆனா முடிவ ஒத்திப் போட்டுட்டு மறுபடி வரச் சொன்னாரு, மறுபடி வந்தாரு, இந்தத் தடவ கொஞ்சம் எளிமையான கணக்குல இருந்து படிப்படியா கூட்டிட்டுப் போனாரு, ராவுக்குப் புரிஞ்சுது. என்ன வேணும்னு கேட்டதுக்கு சாப்பாட்டுக் கவலை இல்லாம ஆராய்ச்சி பண்ணனும்னு சொன்னாராம், மாசம் 25 ரூபா குடுத்தாரு. அந்தப் பிஞ்ச நோட்டுக்காரரு ராமானுஜன், 1918ல லண்டன் ராயல் சொசைட்டி உறுப்பினர் ஆனாரு. ராவுக்கும் முதல் பார்வையில அழுக்குச் சட்டதான் தெரிஞ்சுது, அத வச்சு தீர்ப்பெழுதல, அவ்வளவுதான் வித்தியாசம்.

உங்க பையன் சொல்றது நல்ல யோசனை. எல்லார்கிட்டயும் அதே கேள்வி, அதே வரிசை, ஒவ்வொரு பதிலுக்கும் அப்பப்போ மார்க், கடைசியில மொத்தமா போடாதீங்க. அதோட, கூலி குடுத்து அரை நாள் கடையில நிக்க வச்சுப் பாருங்க, எடை போடுறது, குடத்த ஒடுக்கு விழாம எடுத்து வைக்கிறது, பேரம் பேசுற அம்மாகிட்ட எரிஞ்சு விழாம இருக்கிறது எல்லாம் தெரிஞ்சிரும். உங்க முப்பது வருஷக் கண்ணுக்கு அங்கதான் நெசமான வேலை.

கேள்வி: என் பொண்ணு பதினொண்ணாவது படிக்கிறா, நல்லா படிப்பா, ஆனா ரொம்ப அமைதி. மார்க் மட்டும் இருந்தா பத்தாது, பெர்சனாலிட்டி கிளாஸ்ல சேருங்கன்னு எல்லாரும் சொல்றாங்க, ஃபீஸ் பதினஞ்சாயிரம். சேக்கவா?
- ஒரு வாசகி, நாகர்கோவில்

பதில்: அம்மா, அவளா கேட்டா சேருங்க, மத்தவங்க சொல்றாங்கன்னு வேண்டாம். 1991ல மரே பாரிக், மைக்கேல் மவுன்ட்னு ரெண்டு பேர், குணத்துக்கும் வேலையில சாதிக்கிறதுக்கும் என்ன சம்பந்தம்னு அதுவரைக்கும் வந்த ஆராய்ச்சிங்கள எல்லாம் ஒண்ணா சேத்துப் பாத்தாங்க. போலீஸ், மேனேஜர், சேல்ஸ், தொழில் படிச்சவங்கன்னு எல்லா வேலையிலயும் உதவுன குணம் பொறுப்புதான், அதாவது எடுத்தத முடிக்கிறது, சொன்ன நேரத்துக்குச் செய்றது. கலகலன்னு பழகுறது மேனேஜர், சேல்ஸ் மாதிரி மனுஷங்களோட பொழங்குற வேலைக்குக் கூடுதலா உதவுச்சு. அதுவும் ஓரளவுதான், எந்த ஒரு குணமும் தலையெழுத்த எழுதிடல. ஐ.ஏ.எஸ். தேர்வுல பர்சனாலிட்டி டெஸ்ட்னே ஒண்ணு இருக்குதான், ஆனா மொத்தம் 2025 மார்க்ல அது 275, மீதி 1750 எழுதி வாங்குறது.

உங்க பொண்ணு ராத்திரியே பைய எடுத்து வைக்கிறவளா, தோழிக்கு நோட்ஸ் தர்றேன்னு சொன்னா மறக்காம தர்றவளா? அப்படின்னா அவளுக்கு பர்சனாலிட்டி இல்லன்னு தயவுசெஞ்சு யாரையும் சொல்ல விடாதீங்க, அதுவும் அவ காதுல விழுற மாதிரி. பேச்சுப் பழக்கத்துக்கு வாரத்துல ஒரு நாள் ரேஷன் கடை, போஸ்ட் ஆபீஸ் வேலைய அவகிட்ட குடுங்க, நீங்க கூடப் போகாதீங்க.

கேள்வி: புது ஆபீஸ்ல முதல் நாளே முக்கால் மணி நேரம் லேட். மேடம் அன்னையிலேர்ந்து என்ன லேட் பார்ட்டின்னே நினைக்கிறாங்க. மாத்த முடியுமா?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில்: முடியும்மா, ஆனா ஒரு நாள் சீக்கிரம் போனா மாறாது, இன்னிக்கி ஏதோ அதிசயமா வந்துட்டான்னு நினைச்சுக்குவாங்க. காரணம் சொல்லாம ஒரே ஒரு தடவ, மேடம் அன்னைக்கு நான் வந்தது தப்பு, இனிமே நடக்காதுன்னு நேர்ல சொல்லிடுங்க. அப்புறம் அத பத்தி பேச்சே எடுக்காதீங்க. ரெண்டு மாசம் ஒரு டிரெயின் முன்னாடி ஏறுங்க, அவங்க உள்ள வரும்போது உங்க சிஸ்டம் ஆன்ல இருக்கட்டும்.